ராப்பா நூயி: கலந்த சொற்களும் அறுந்த தலைமுறையும்

1970களின் பிற்பகுதியில் ஈஸ்டர் தீவின் தொடக்கப் பள்ளியில் படித்த ராப்பா நூயிக் குழந்தைகளில் 77 விழுக்காட்டினர் ராப்பா நூயி மொழியையே முதன்மையாகப் பேசினார்கள். 1989இல் அந்த அளவு 25 விழுக்காடாகச் சரிந்தது. 1997இல் மறுபடி கணக்கெடுத்தபோது அப்படிப்பட்ட குழந்தைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இடைப்பட்டது இருபது ஆண்டுகள்தான்.

இந்த இருபது ஆண்டுகளில் தீவில் போர் நடக்கவில்லை. கொள்ளைநோய் வரவில்லை. மொழியைப் பேசக் கூடாது என்று புதிய சட்டம் எதுவும் போடப்படவில்லை. சொல்லப்போனால், 1976இல்தான் ராப்பா நூயி முதன்முதலாக அந்தப் பள்ளியில் ஒரு பாடமாக நுழைந்தது. மொழி பாடத்திட்டத்துக்குள் வந்த அதே காலத்தில் குழந்தைகளின் வாயிலிருந்து வெளியேறியிருக்கிறது. இந்த முரண்தான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்தது.

ராப்பா நூயியைப் பற்றி எழுதுபவர்களில் பலர் அதன் நோயாக ஒன்றைத்தான் சொல்வார்கள்: கலப்பு. மேற்கேயுள்ள தாகித்தித் தீவின் மொழிச் சொற்கள் புகுந்துவிட்டன, பிறகு ஸ்பானியச் சொற்கள் புகுந்துவிட்டன, தூய மொழி அழிந்துவிட்டது என்பார்கள். சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கலந்த காலமெல்லாம் அந்த மொழி பிழைத்துக்கொண்டது. அது நிலைகுலைந்தது, பெற்றோர் குழந்தையிடம் அதைப் பேசுவது நின்றபோது.

தீவும் மொழியும்

163 சதுர கிலோமீட்டர் பரப்பு. சிலி நாட்டின் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் நடுவே. மக்கள் வாழும் அண்டை இடமான பிட்கேர்ன் தீவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். மோவாய் என்னும் பேருருவக் கற்சிலைகளால் உலகம் இந்தத் தீவை அறியும். தீவுக்கும் மக்களுக்கும் மொழிக்கும் ஒரே பெயர், ராப்பா நூயி. ஏறத்தாழ கி.பி. 1200 வாக்கில் பாலினீசியக் கடலோடிகள் இங்கே குடியேறினார்கள் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணிப்பு. 1722இல் ஈஸ்டர் ஞாயிறன்று டச்சுக் கப்பல்கள் வந்து சேரும்வரை பல நூற்றாண்டுகள் இந்த மொழி அநேகமாகத் தனியாகவே வளர்ந்தது.

அந்தத் தனிமையின் தடயங்கள் மொழிக்குள் இருக்கின்றன. பாலினீசிய மொழிகளுக்கெல்லாம் தாயான மூலப் பாலினீசிய மொழியில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி ஒன்று இருந்தது. கிழக்குப் பாலினீசியக் கிளையில் தாகித்தி, மாவோரி, ஹவாய் மொழிகள் எல்லாம் அந்தப் பழைய ஒலியை இழந்துவிட்டன. ராப்பா நூயி மட்டும் காத்து வைத்திருக்கிறது. மண்ணடுப்பைக் குறிக்கும் 'உமு' என்ற சொல்லை இவர்கள் அந்த அடைப்பொலியோடுதான் தொடங்குகிறார்கள். மெய்யொலிகள் மொத்தம் பத்துதான். உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. ங என்ற மெல்லெழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் தாராளமாக வரும். நெடிலையும் ங-வையும் எழுத்தில் காட்ட ரோமன் எழுத்தில் தனிக் குறிகள் தேவைப்பட்டு அவர்கள் பல காலம் தடுமாறினார்கள்.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடு தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராப்பா நூயியில் அது இன்னும் நுணுக்கமானது: நாம் இருவர், நாங்கள் இருவர், நாம் எல்லோரும், நாங்கள் எல்லோரும் என நான்கு சொற்கள், தாவுவா, மாவுவா, தாத்தோவு, மாத்தோவு. ஆனால் முன்னிலையிலும் படர்க்கையிலும் இருமை, பன்மை என்ற வேறுபாடு மறைந்துவிட்டது. இருவரைக் குறித்த பழைய சொல்லே இப்போது பலரையும் குறிக்கிறது. மற்றப் பாலினீசிய மொழிகளில் பரவலாகக் காணப்படும் செயப்பாட்டுவினை விகுதியும் இங்கே வழக்கொழிந்துபோனது. இவை மொழி தானாகவே, தன் போக்கில் அடைந்த மாற்றங்கள். ஸ்பானியத்தின் மேல் பழி போட முடியாதவை. 'மாறாத தொன்மொழி' என்று எந்த மொழியையும் கற்பனை செய்வதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தீவு காலியான கதை

1862ஆம் ஆண்டின் இறுதியில் பெருவிலிருந்து அடிமை வேட்டைக் கப்பல்கள் வந்தன. சில மாதங்களில் ஏறத்தாழ 1,500 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அரச குடும்பத்தினரும் மரபு அறிந்த பெரியவர்களும் அவர்களில் இருந்தார்கள். உலக நாடுகளின் எதிர்ப்பால் பெரு அரசு எஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பியபோது, உயிரோடு கரையேறியவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். அவர்களோடு பெரியம்மையும் கரையேறியது. 1871இல், தீவுக்கு வந்திருந்த கிறித்தவ மதகுருக்கள் வெளியேறியபோது அவர்களோடு பெரிய கூட்டம் ஒன்று மேற்கேயுள்ள மங்காரேவா, தாகித்தித் தீவுகளுக்குப் போனது. 1877இல் தீவில் எண்ணப்பட்டவர்கள் 111 பேர்.

ரோங்கோரோங்கோ என்னும் எழுத்துமுறையின் முடிவும் இந்தப் பத்தாண்டுகளில்தான் நேர்ந்தது. 1864இல் வந்த யூஜின் எய்ரோ என்ற துறவி, குறிகள் செதுக்கிய மரப்பலகைகள் வீடுதோறும் இருப்பதாக எழுதினார். சில ஆண்டுகளில் அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று உலகில் எஞ்சியிருப்பவை இருபத்தைந்து, இருபத்தாறு பொருள்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தத் தீவில் இல்லை.

தமிழ் வாசகர்கள் ரோங்கோரோங்கோ பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார்கள், சிந்துவெளி எழுத்தோடு அதை ஒப்பிடும் படங்கள் வழியாக. 1932இல் ஹெவெஷி என்ற ஹங்கேரியர் பாரிசில் முன்வைத்த ஒப்பீடு அது. 1938லேயே மானிடவியலாளர் ஆல்ஃபிரட் மெத்ரோ அதைக் கட்டுரை எழுதி மறுத்துவிட்டார். ஹெவெஷி தந்த படங்களில் சில குறிகள் மூலத்தில் உள்ளபடி இல்லை. இரண்டு எழுத்துமுறைகளுக்கும் நடுவே இருக்கும் பரந்த கடலையும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியையும் யாராலும் கடக்க முடியவில்லை. அந்த ஒப்பீடு இன்னும் சுற்றிவருவது எனக்கு வருத்தம் தருகிறது. ராப்பா நூயி மக்கள் தாங்களாகவே எழுத்து ஒன்றைப் படைத்திருக்கக் கூடும் என்ற வாய்ப்பு நம் பெருமைக்காகப் பறிபோகக் கூடாது. ரோமில் இருக்கும் பலகை ஒன்றின் மரம் ஐரோப்பியர் வருகைக்கு முந்திய பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2024இல் வெளியான காலக்கணிப்பு அந்த வாய்ப்புக்கு வலுச் சேர்த்திருக்கிறது.

முதல் கலப்பு: தாகித்தி

தாகித்திக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் 1880களில் திரும்பி வந்தார்கள். தாகித்தி மொழியோடு வந்தார்கள். தேவாலயத்தில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர் தாகித்தியில் பயிற்சி பெற்றவர்; செபங்களும் பாடல்களும் அந்த மொழியில்தான். நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட சமூகத்தில் ஒரு சில குடும்பங்களின் பேச்சே போதும், முழு மொழியின் நிறமும் மாற.

1888 செப்டம்பர் 9 அன்று சிலிக் கடற்படை அதிகாரி பொலிகார்ப்போ தோரோவும் தீவின் தலைவர் அத்தாமு தெக்கேனாவும் தீவை சிலியோடு சேர்க்கும் உடன்படிக்கையைச் செய்துகொண்டார்கள். அது இரு மொழியில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் ஸ்பானியம். மறுபக்கம் இருப்பது தாகித்தியும் ராப்பா நூயியும் கலந்த நடை. தீவின் வரலாற்றிலேயே மிக முக்கியமான ஆவணத்தில்கூட மொழி ஏற்கெனவே கலந்துதான் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கலப்பின் ஆழத்தை எண்களில் பார்க்கலாம். ராப்பா நூயியின் சொந்த எண்கள் தாஹி, ருவா, தோரு, ஹா, ரிமா என்று போகும். அவை இன்றும் வாழ்கின்றன. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வரிசையும் குடியிருக்கிறது: ஹோஎ, பித்தி, தோரு, மாஹா, பாஎ. பெரிய எண்களைச் சொல்லும்போது இந்த இரண்டாம் வரிசைதான் வரும். இது தாகித்தியிலிருந்து வந்தது. தாகித்தியிலும் இவை மூலச் சொற்களாக இருக்கவில்லை. தலைவர்களின் பெயரில் வரும் அசைகளை மக்கள் உச்சரிக்கக் கூடாது என்ற வழக்கம் அங்கே இருந்தது. அதனால் ருவா போன்ற பழைய எண்கள் ஒதுக்கப்பட்டு, பித்தி, மாஹா, பாஎ என்ற மாற்றுச் சொற்கள் நிலைத்தன. ஏதோ ஒரு தாகித்தித் தலைவரின் பெயருக்குக் காட்டிய மரியாதை நான்காயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள ஈஸ்டர் தீவின் எண்ணுப்பெயர்களில் இன்று வரை ஒலிக்கிறது. நூறு என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஹானெரெ' ஆங்கிலத்திலிருந்து தாகித்தி வழியாக வந்து சேர்ந்தது.

வணக்கம் சொல்லும் 'இயோரானா', நன்றி சொல்லும் 'மவுருரு', கற்றலைக் குறிக்கும் 'ஹாப்பி' எல்லாமே தாகித்தி வரவுகள். 'உம்' என்று சேர்க்கும் இணைப்புச்சொல்கூட அங்கிருந்துதான் வந்தது. சுற்றுலாப் பயணி விமானத்திலிருந்து இறங்கியதும் ராப்பா நூயி என்று கற்றுக்கொள்ளும் முதல் இரண்டு சொற்களும் கடன் வாங்கியவை. இருந்தும் தீவு மக்கள் யாரும் அவற்றை அந்நியமாக உணர்வதில்லை. இரண்டு தலைமுறை புழங்கினால் கடன் சொந்தமாகிவிடும். 1935இல் வந்து முப்பதாண்டுகளுக்கு மேல் தீவில் வாழ்ந்த கப்புச்சின் துறவி செபாஸ்டியன் எங்லெர்ட் இலக்கணமும் அகராதியும் தொகுத்தபோது தாகித்திக் கலப்பை எண்ணி வருந்தினார். ஆனால் அவர் காலத்தில் அந்தக் கலந்த மொழியைத் தீவின் ஒவ்வொரு குழந்தையும் தாய்மொழியாகப் பேசியது.

சுவருக்குள் பிழைத்த மொழி

1903 முதல் 1953 வரை தீவின் பெரும்பகுதி வில்லியம்சன் பால்ஃபர் என்ற நிறுவனத்தின் ஆட்டுப் பண்ணையாக இருந்தது. மக்கள் ஹாங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டார்கள். ஊரைச் சுற்றிக் கற்சுவர். தம் முன்னோர் புதைக்கப்பட்ட நிலத்துக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். 1953க்குப் பிறகு கடற்படை பொறுப்பேற்றது, அடைப்பு தொடர்ந்தது. தொழுநோயைக் காரணம் காட்டித் தீவை விட்டு வெளியேறவும் தடை. சிலியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை கப்பல் வரும்.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. இருந்தாலும் சான்று சொல்வதைச் சொல்ல வேண்டும். மொழியைப் பொறுத்தவரை அந்தச் சிறைவாசம் ஒரு கவசமாகவும் இருந்துவிட்டது. ஆயிரம் பேர் அளவிலான சமூகம், ஒரே ஊரில், தங்களுக்குள்ளேயே மணமுடித்து, ஆண்டுக்கொரு கப்பலை எதிர்பார்த்து வாழ்ந்தது. 1930களில் வந்த பள்ளி ஸ்பானியத்தில் நடந்தது. அலுவலகம் ஸ்பானியத்தில் நடந்தது. அடுக்களையும் வயலும் மீன்பிடி படகும் ராப்பா நூயியில் நடந்தன. குழந்தைக்குப் பேச்சு அடுக்களையிலிருந்துதான் வந்தது. இதைச் சொல்வது அடைத்து வைத்தவர்களுக்குச் சாதகமாக எதையும் சொல்வது ஆகாது. உரிமை இழந்த மக்களிடம் எஞ்சியிருந்தது மொழி ஒன்றுதான் என்பதே இதன் பொருள்.

1964 இறுதியில் 22 வயது ஆசிரியர் அல்ஃபோன்சோ ராப்பு தலைமையில் தீவு கிளர்ந்தெழுந்தது. வாக்குரிமை வேண்டும், தாங்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மொழியைப் பேசும் சுதந்திரம் வேண்டும் என்று கேட்டார்கள். அதே மாதங்களில் கனடா மருத்துவக் குழு ஒன்று தீவில் ஆய்வு செய்துகொண்டிருந்தது. அவர்கள் அள்ளிச் சென்ற மண்ணிலிருந்து பின்னாளில் கிடைத்த மருந்துக்கு ராப்பாமைசின் என்று தீவின் பெயரையே வைத்தார்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலரும் உட்கொள்ளும் மருந்து அது. 1966இல் சிலி அரசு சட்டம் இயற்றி ராப்பா நூயி மக்களுக்கு முழுக் குடியுரிமை வழங்கியது. 1967இல் மத்தாவேரி விமான நிலையத்தில் பயணிகள் விமானம் இறங்கியது.

விடுதலைக்குப் பிந்தைய சரிவு

குடியுரிமையோடு அதிகாரிகள் வந்தார்கள். அவர்களின் குடும்பங்கள் வந்தன. வங்கி, மருத்துவமனை, நீதிமன்றம் வந்தன. 1970களில் தொலைக்காட்சி வந்தது. சுற்றுலா வளர்ந்தது; அதில் வேலை கிடைக்க ஸ்பானியம் வேண்டும். மேற்படிப்புக்கு இளைஞர்கள் சிலியின் சாந்தியாகோ, வால்பராய்சோ நகரங்களுக்குப் போனார்கள். கண்டத்திலிருந்து, அதாவது சிலியின் பெருநிலத்திலிருந்து, வந்தவர்களோடு திருமணங்கள் நடந்தன. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் ராப்பா நூயி தெரியாது என்றால், சாப்பாட்டு நேரத்துப் பேச்சு அந்த ஒருவருக்காக ஸ்பானியத்துக்கு மாறும். யாரும் திட்டமிட்டு மொழியைக் கைவிடவில்லை. வீட்டுக்கு வந்தவரை மதிக்கும் பண்பே மொழியை வீட்டிலிருந்து வெளியேற்றியது.

இதோடு பெற்றோரின் அச்சமும் சேர்ந்தது. தாங்கள் பள்ளியில் ஸ்பானியம் புரியாமல் பட்ட அவமானத்தைப் பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. குற்றம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று அவர்களை நம்பவைத்த பள்ளிக்கூடத்துடையது. இரண்டு மொழியும் ஒரே குழந்தைக்குள் வசதியாகக் குடியிருக்க முடியும் என்று அன்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

2017 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவில் 7,750 பேர். அவர்களில் ராப்பா நூயி மக்கள் ஏறத்தாழ 45 விழுக்காடுதான். சிலி முழுவதும் தங்களை ராப்பா நூயி என்று பதிவு செய்தவர்கள் 9,399 பேர். ஆக, இந்த மக்களில் பெரும்பாதிப் பேர் தீவுக்கு வெளியே, ஸ்பானியக் கடலின் நடுவே வாழ்கிறார்கள். 111 பேரிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு மேல் பெருகிய இனம் இது. இனம் பெருகப் பெருக மொழி சுருங்கியது.

கலந்த பேச்சு என்ன செய்தது?

மானிடவியலாளர் மிக்கி மக்கிஹாரா 1990களில் தீவில் தங்கி, மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார். அவருடைய ஆய்வுகள்தான் இந்த மொழியைப் பற்றிய என் புரிதலை மாற்றியவை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிய ராப்பா நூயியில் ஸ்பானியம் நிறைந்திருந்தது. 'பெரோ' (ஆனால்), 'போர்க்கே' (ஏனென்றால்) போன்ற இணைப்புச்சொற்கள் இயல்பாக வந்து விழுந்தன. ஸ்பானிய வினைச்சொல்லின் படர்க்கை ஒருமை வடிவத்தை அப்படியே எடுத்து, அதன் முன்னே 'ஹெ', 'எ', 'கு' என்ற ராப்பா நூயியின் கால இடைச்சொல்லை வைத்துவிடுவார்கள். அதாவது செங்கல் ஸ்பானியம், கட்டுமானம் ராப்பா நூயி.

இந்தக் கலந்த நடையை மக்கிஹாரா அழிவின் அறிகுறியாகப் பார்க்கவில்லை. அதுவரை நகர்மன்றக் கூட்டம், அரசு அலுவலகம், நில உரிமை விவாதம் எல்லாம் ஸ்பானியத்தின் ஆட்சிப்பகுதி. நிலம், சட்டம், வரவுசெலவு பற்றிப் பேசப் பழைய ராப்பா நூயியில் சொற்கள் போதாது. சொல் கிடைக்காதபோது வாயை மூடிக்கொள்ளாமல் ஸ்பானியச் சொல்லைப் போட்டுத் தங்கள் மொழியிலேயே வாதிட்டார்கள். அப்படித்தான் வீட்டுக்குள் முடங்கியிருந்த மொழி மேடைக்கு வந்தது. கலப்பு அதற்கு நுழைவுச்சீட்டாக இருந்தது. தூய்மை காக்கிறேன் என்று அன்று யாராவது தடுத்திருந்தால், அந்த மேடைகளில் ஸ்பானியம் மட்டுமே ஒலித்திருக்கும்.

1993இல் சிலியின் பழங்குடியினர் சட்டம் வந்தது. நிலத்துக்கும் தன்னாட்சிக்கும் உரிமை கோர, 'நாங்கள் தனி மக்கள்' என்று நிறுவ வேண்டியிருந்தது. அப்போது இன்னொரு நடை உருவானது: ஸ்பானியச் சொல் ஒன்றுகூட வராமல் கவனமாகப் பேசும் மேடை நடை. சாந்தியாகோவிலிருந்து வரும் அமைச்சர்கள் முன்னும் விழா மேடைகளிலும் அது ஒலித்தது. அதைக் கேட்பவருக்குப் பொருள் புரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. வேறு ஒரு மக்களின் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும். அரசியலில் அதற்கு வலிமை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நடையில் பேசத் தெரிந்தவர்கள் மூத்தவர்கள் சிலரே. அரைகுறையாகத் தெரிந்த இளைஞர்கள் அந்த மேடையில் வாய் திறக்க அஞ்சினார்கள். நல்ல வேளையாக, மேடையில் தூய நடை பேசியவர்களே வீட்டுக்கு வந்ததும் கலந்து பேசினார்கள். கலந்து பேசியதற்காக ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை.

ஸ்பானியக் கலப்புக்குப் பிறகும் இலக்கணம் சிதையவில்லை என்பதற்கு இன்னொரு சான்று, பௌலுஸ் கீவியத் 2017இல் வெளியிட்ட விரிவான இலக்கணம். பழங்கதைகளையும் அண்மைக்காலப் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நூல் அது. யாரும் இலவசமாக இணையத்தில் படிக்கலாம். சொற்கள் மாறியிருக்கின்றன, சில இடைச்சொற்களின் வேலை மாறியிருக்கிறது. மொழியின் எலும்பு இன்னும் பாலினீசிய எலும்புதான்.

குழந்தைகளின் பேச்சு

பாட்டி ராப்பா நூயியில் கேட்கிறார். பேரன் ஸ்பானியத்தில் பதில் சொல்கிறான். இருவருக்கும் முழுமையாகப் புரிகிறது. மக்கிஹாரா பதிவு செய்த வீடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்தது இதுதான். குழந்தைக்கு மொழி காதில் இருக்கிறது, நாவில் இல்லை.

ஆனால் அந்த ஸ்பானியமும் சாந்தியாகோ ஸ்பானியமாக இல்லை. அதில் ராப்பா நூயிச் சொற்களை ஆங்காங்கே தூவிப் பேசுகிறார்கள். கண்டத்துப் பிள்ளைகளிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அது அவர்களுக்கு உதவுகிறது. முன்பு ராப்பா நூயி இலக்கணத்துக்குள் ஸ்பானியச் சொற்கள் வந்தன. இப்போது ஸ்பானிய இலக்கணத்துக்குள் ராப்பா நூயிச் சொற்கள் போகின்றன. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் கலப்பாகவே தோன்றும். மொழியின் உயிரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது. முதலாவதில் குழந்தை வாக்கியத்தைத் தன் மொழியில் கட்டுகிறது. இரண்டாவதில் தன் மொழியை அலங்காரமாக அணிந்துகொள்கிறது. 'கலப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால்தான் நோய் எது என்று தெரியாமல் போகிறது.

அலங்காரம் என்று நான் சொன்னது இளக்காரமாக அல்ல. பிப்ரவரி தோறும் நடக்கும் தாப்பாத்தி விழாவில் இளைஞர்கள் காய்காய் போட்டிக்கு வருகிறார்கள். விரல்களில் நூலைக் கோத்து உருவம் செய்தபடியே பழைய ஓசைநயப் பாட்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டுகளில் இன்று யாருக்கும் முழுப் பொருள் தெரியாத சொற்கள் உண்டு. அன்றாடம் ஸ்பானியம் பேசும் இளைஞர் ஒருவர் அவற்றை ஒலி பிசகாமல் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார். அந்த ஆசையை மதிக்காமல் எந்த மீட்பு முயற்சியும் செய்ய முடியாது.

பள்ளி எதைச் செய்ய முடிந்தது?

1970களின் பாடத்திட்டத்துக்குப் பின்னே வால்பராய்சோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும், 1977 முதல் தீவில் தங்கிப் பணியாற்றிய ராபர்ட் வெபர், நான்சி வெபர் என்ற மொழியியலாளர் தம்பதியும், தீவின் ஆசிரியர்களும் இருந்தார்கள். எழுத்துமுறை சீரானது. ங ஒலிக்கு ரோமன் எழுத்தில் வாலுடன் கூடிய தனி எழுத்தும், நெடிலுக்கு மேற்கோடும், அடைப்பொலிக்கு ஒற்றைக் குறியும் நிலைபெற்றன. பாடநூல்கள் வந்தன. கதை எழுதும் பட்டறைகள் நடந்தன. மொழியை எழுத்தில் வாழவைத்த பணி அது. ஆயினும் வாரத்துக்குச் சில மணி நேரப் பாடம் ஒரு குழந்தையைப் பேசவைக்காது. தொடக்கத்தில் சொன்ன எண்கள் அதற்குச் சாட்சி.

2000ஆம் ஆண்டில் தீவின் லோரென்சோ பயேசா வேகா பள்ளி தன் கற்பித்தல் முறையை மாற்றியது. தொடக்க வகுப்புகளில் ராப்பா நூயியே பயிற்றுமொழி. கணக்கும் அறிவியலும் அதில்தான். ஸ்பானியம் பின்னர் கூடும். விரும்பிய பெற்றோர் மட்டும் சேர்க்கும் பிரிவாக அது தொடங்கியது. நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் தொடங்கிய மொழிக்கூடு முறையைப் பின்பற்றி, பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பெரியவர்களோடு ராப்பா நூயியில் வளர்க்கும் முயற்சியும் பின்னர் வந்தது. என் பார்வையில் இதுதான் சரியான இடத்தில் வைத்த கை. மொழி அறுந்த இடம் மூன்று வயதுக்கு முன்னால் இருக்கிறது. பத்து வயதில் பாடம் வைத்து அதை ஒட்ட முடியாது.

குறை என்னவென்றால், பயிற்றுமொழி முறை தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடுகிறது. அதன்பின் ஸ்பானியம் முழு வீச்சில் வருகிறது. பல்கலைக்கழகம் கண்டத்தில். வேலை சுற்றுலாவில். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மொழி தெரியாது என்றால், மாலையில் பேச ஆளும் இல்லை. பள்ளி எவ்வளவு உழைத்தாலும் வீட்டின் வேலையை அதனால் முழுவதுமாக ஏற்க முடியவில்லை.

இப்போதைய நிலை

2017 முதல், மோவாய் சிலைகள் நிற்கும் தொல்லியல் பூங்காவை மா'உ ஹெனுவா என்ற உள்ளூர் மக்கள் அமைப்பே நிர்வகிக்கிறது. 2018இல் வெளியார் தங்கும் நாட்களை முப்பதாகக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019இல் தீவின் அதிகாரப்பூர்வப் பெயரில் ராப்பா நூயி முன்னால் வந்தது. பெருந்தொற்றால் 2020 மார்ச் முதல் 2022 ஆகஸ்ட் வரை சுற்றுலா விமானங்கள் இல்லாமல் தீவு மூடியே கிடந்தது. இவை எதுவும் நேரடியாக மொழித் திட்டங்கள் அல்ல. ஆனால் வேலையையும் குடியேற்றத்தையும் யார் தீர்மானிப்பது என்பதைத் தொடுகின்றன. 1967க்குப் பிறகு மொழியைச் சாய்த்தவை வேலையும் குடியேற்றமும் திருமணமும்தான் என்பதால், இலக்கண நூல்களுக்கு இணையாக இந்தச் சட்டங்களையும் கவனிக்கிறேன். பூங்கா அலுவலகத்தில் ராப்பா நூயி தெரிந்தவருக்கு முதலிடம் என்றால், ஒரு தாய் தன் குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவது என்று யோசிக்கும் கணக்கே மாறும்.

சொற்கலப்பைப் பற்றிய கவலையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்பதே என் முடிவு. விமானத்துக்கு 'மனு ரெரெ', பறக்கும் பறவை, என்று அழகாகச் சொல் கண்டவர்கள் இவர்கள். பேச ஆட்கள் இருந்தால் சொற்கள் தாமே வரும். கவலைப்பட வேண்டியது வாக்கியத்தை யார் கட்டுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி. அரைகுறையாகப் பேசும் இளைஞரைத் திருத்தி மூடவைப்பதைவிட, ஸ்பானியம் கலந்தாவது அவர் வாயைத் திறக்கவைப்பது இந்த மொழிக்குப் பயன் தரும்.

2000இல் அந்தப் பயிற்றுமொழி வகுப்பில் சேர்ந்த முதல் குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். அவர்களில் பலர் பெற்றோராகியிருப்பார்கள். தம் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போதும் திட்டும்போதும் எந்த மொழி வருகிறது என்பதை அந்த வீடுகளில் யாராவது முறையாகப் பதிவு செய்ய வேண்டும். 1977, 1989, 1997 கணக்குகளின் வரிசையில் அடுத்து வர வேண்டிய எண் அதுதான்.